டெல்டா வீட்டுச் சுவரில் ஓதம் ஏறுவது ஏன், நிறுத்துவது எப்படி?

பொங்கலுக்கு வெள்ளையடித்த சுவர், அடுத்த கார்த்திகைக்குள் முழங்கால் உயரத்துக்குப் பொரிந்து கொட்டுகிறது. கொத்தனாரைக் கூப்பிட்டால், "கொத்திட்டு கெமிக்கல் கலந்து சிமெண்டு பூசிடலாம்" என்பார். பூசியபின் ஒரு வருடம் சுவர் நன்றாகவே இருக்கும். பிறகு அதே ஓதம், அதாவது சுவரில் ஏறும் ஈரம், இடுப்பு உயரத்தில் தலைகாட்டும். திருவாரூர், மன்னார்குடி, நாகப்பட்டினம் பக்கம் இது வீட்டுக்கு வீடு பார்க்கிற காட்சி. சிமெண்டு பூசியதால்தான் ஓதம் மேலே போனது என்றால் பலர் நம்பமாட்டார்கள். ஆனால் நடப்பது அதுதான்.

செங்கல்லும் கலவையும் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகளால் ஆனவை. அந்தத் துளைகளின் சுவர்களில் தண்ணீர் ஒட்டிக்கொண்டு, விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல மேலே ஏறும். துளை எவ்வளவு குறுகலோ அவ்வளவு உயரம் ஏறும். 0.01 மில்லிமீட்டர் ஆரமுள்ள துளையில் சுமார் 1.5 மீட்டர், அதில் பத்தில் ஒரு பங்கு ஆரம் என்றால் கணக்குப்படி 15 மீட்டர். அப்படியானால் மாடி வரை ஏன் நனையவில்லை? ஏறுகிற தண்ணீர் வழிநெடுக இருபுறமும் ஆவியாகிக்கொண்டே போகிறது. கீழிருந்து வருகிற அளவும் காற்றில் போகிற அளவும் சமமாகிற உயரத்தில் ஈரம் நின்றுவிடும். நாம் பார்க்கிற ஓதக்கோடு அந்தச் சமநிலைதான். அதன் மேல் அழுத்தமான சிமெண்டுப் பூச்சு, பட்டி, பிளாஸ்டிக் பெயிண்ட், டைல்ஸ் என்று எதைக் கொண்டு மூடினாலும் ஆவியாகும் வழி அடைபடும். தண்ணீர் வரத்து குறையாது. எனவே மூடிய பகுதியைத் தாண்டி மேலே போய் வெளியேறும்.

இங்கே வரத்துக்கும் பஞ்சமில்லை. மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12 அன்று திறந்து ஜனவரி 28 அன்று மூடப்படும். நடுவில் வாய்க்கால், வயல், குளம் எல்லாம் நிரம்புகின்றன. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. நிலத்தடி நீர் அஸ்திவாரத்தைத் தொட வேண்டும் என்றுகூட இல்லை. ஆற்று வண்டலில் இருக்கும் களிமண்ணே தன் நுண்துளைகளால் நீரைப் பல அடி மேலே இழுத்துக்கொடுத்துவிடும்.

தண்ணீர் மட்டும் ஏறினால் சுவர் நனைந்து காயும், அவ்வளவுதான். பூச்சை உடைப்பது அதில் கரைந்து வருகிற உப்பு. தண்ணீர் சுவரின் மேற்பரப்பில் ஆவியானால் உப்பு வெள்ளைப் பொடியாகப் பூக்கும். பார்க்க அசிங்கமே தவிரக் கெடுதல் குறைவு. பூச்சுக்கு உள்ளேயே ஆவியாக நேர்ந்தால் உப்புப் படிகங்கள் துளைகளுக்குள் வளர்ந்து பூச்சை நெம்பித் தள்ளும். சோடியம் சல்ஃபேட் இதில் படுமோசம். 32.4 டிகிரிக்கு மேல் அது நீரற்ற தூளாக இருக்கும். அதற்குக் கீழே ஈரம் கிடைத்தால் ஒவ்வொரு மூலக்கூறும் பத்து நீர் மூலக்கூறுகளைச் சேர்த்துக்கொண்டு படிகமாகும். கன அளவு ஏறத்தாழ நான்கு மடங்காகும். நம் ஊர் வெப்பநிலை அந்தக் கோட்டைச் சுற்றியேதான் ஏறி இறங்குகிறது.

கடலோரத்தில் இன்னொரு தொல்லை. சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் காற்றிலிருந்தே நீரை உறிஞ்சிக் கசியும். நாகை, வேதாரண்யம் பக்கம் இரவிலும் விடியலிலும் ஈரப்பதம் அந்த அளவைத் தாண்டுவது சாதாரணம். மழையே இல்லாத மாசியில் சுவர் வேர்ப்பதற்கு இதுதான் காரணம். பழைய மாட்டுக்கொட்டகையையும் கழிப்பறைக் குழியையும் ஒட்டிய சுவர்களில் இருக்கும் நைட்ரேட் உப்புகளில் சில இதைவிடக் குறைந்த ஈரப்பதத்திலேயே கசியும்.

சுவரைக் கொத்தும் முன் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். செலவில்லாத வழி: மார்கழியில் ஓதக்கோட்டின் மேல் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள், வைகாசியில் மறுபடி பாருங்கள். ஓதம் பென்சில் கோட்டைவிட நன்றாக இறங்கியிருந்தால் ஈரம் மண்ணிலிருந்து வருகிறது. ஓரிடத்தில் மட்டும் வட்டமாகத் திட்டு, அதுவும் கோடையிலும் குறையவில்லை என்றால் குழாய்க் கசிவைச் சந்தேகியுங்கள். இரவு எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு மாடித் தொட்டியின் நீர்மட்டத்தைக் குறித்து, காலையில் ஒப்பிட்டால் தெரிந்துவிடும். கழிவுநீர்க் குழாயின் கசிவு இதில் பிடிபடாது, குளியலறையை இரண்டு மூன்று நாள் பயன்படுத்தாமல் விட்டுப் பார்க்க வேண்டும். காற்றின் ஈரமா என்று அறிய, ஒரு அடிச் சதுரப் பாலித்தீன் தாளைச் சுவரில் நாலு பக்கமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளின் உள்பக்கம் நீர் கோத்திருந்தால் சுவரிலிருந்து வருகிறது. வெளிப்பக்கம் என்றால் அறைக் காற்றிலிருந்து.

மண்ணிலிருந்துதான் என்றால் முதல் வேலை சுவரில் இல்லை, வெளியே இருக்கிறது. வீடு கட்டும்போது பேஸ்மட்டத்தின் மேல் ஓதம் தடுக்க ஒரு கான்கிரீட் பட்டை போட்டிருப்பார்கள் (பழைய வீடுகளில் இருக்காது). வெளித்தரை அதற்குக் குறைந்தது 15 சென்டிமீட்டர் கீழே இருக்க வேண்டும். கொல்லையில் மண் கொட்டி மேடாக்கியிருந்தாலோ, சுவரை ஒட்டிப் பூச்செடிப் பாத்தி கட்டியிருந்தாலோ அந்தப் பட்டை இருந்தும் பயனில்லை. தண்ணீர் அதைச் சுற்றிக்கொண்டு மேலே ஏறிவிடும். தெருவில் ரோட்டின் மேலேயே ரோடு போட்டு உயர்த்தியதால் பள்ளமாகிப்போன வீடுகள் ஏராளம். பழைய தாரைச் சுரண்டிவிட்டே புதிது போட வேண்டும் என்று தமிழக அரசு 2021ல் சொல்லியும், அதற்குமுன் உயர்ந்தது உயர்ந்ததுதான். செய்யக்கூடியது: சுவரோரம் மண்ணை வழித்து, இரண்டரை அடி அகலத்துக்கு வெளிநோக்கிச் சரிவாகத் தளம் போடுவது. மீட்டருக்கு 2 முதல் 3 சென்டிமீட்டர் சரிவு போதும். துவைக்கிற கல்லையும் அடிகுழாயையும் சுவரைவிட்டுத் தள்ளிவையுங்கள். கூரைத் தண்ணீர் சுவரடியில் விழாமல் குழாயை நீட்டுங்கள்.

பிறகு சுவர். ஓதக்கோட்டுக்கு மேல் ஒன்றரை அடி வரை பூச்சை முழுதாகக் கொத்தி எடுக்க வேண்டும். செங்கல் இடுக்குக் கலவையை 15 முதல் 20 மில்லிமீட்டர் ஆழத்துக்குச் சுரண்டி, காய்ந்த பிரஷ்ஷால் உப்பைத் தட்டுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவக் கூடாது. உப்பு கரைந்து உள்ளேயே திரும்பிப் போகும். தட்டிய தூளைச் சுவரடியில் விடாமல் அள்ளி வெளியே கொட்டுங்கள்.

இதற்கப்புறம் காத்திருப்பதுதான் யாருக்கும் பிடிக்காத பகுதி. ஈரச் சுவர் ஒரு பக்கமாக மாதத்துக்குச் சுமார் ஒரு அங்குலம் காயும் என்பது தோராயக் கணக்கு. ஒன்பது அங்குலச் சுவர் இருபுறமும் திறந்திருந்தால் நாலைந்து மாதம். மாசியில் கொத்தி ஆனியில் பூசுவது டெல்டாவுக்குப் பொருத்தம். வீட்டில் விசேஷம் என்று அவசரப்பட்டு இரண்டே வாரத்தில் பூசினால் செலவு மட்டும்தான் மிச்சம். அந்தச் சுவரில் சுவிட்சுப் போர்டு இருந்தால் காயும்வரை அந்த இணைப்பை எலெக்ட்ரீஷியனைக் கொண்டு துண்டித்து வையுங்கள். வீட்டு இணைப்பில் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்சு) இல்லையென்றால் இதே சமயத்தில் போட்டுவிடலாம்.

பூச்சு சுவரைவிடக் கடினமாக இருக்கக் கூடாது, ஆவியை விட வேண்டும். கும்பகோணத்துப் பழைய சுண்ணாம்புச் சுவர்களுக்கு ஒரு பங்கு சுண்ணாம்பு, மூன்று பங்கு மணல், சிமெண்டே வேண்டாம். பிற்காலச் செங்கல் வீடுகளுக்கு ஒரு பங்கு சிமெண்டு, ஒரு பங்கு நீற்றிய சுண்ணாம்பு, ஆறு பங்கு மணல். பத்து அடி நீளம், நாலு அடி உயரம், 15 மில்லிமீட்டர் கனத்துக்குச் சேதாரம் சேர்த்து ஏறத்தாழ 16 கிலோ சிமெண்டு, 7 கிலோ சுண்ணாம்புத் தூள், இரண்டரை கனஅடி மணல் ஆகும். மேலே பட்டி வேண்டாம். மெல்லிசாக இரண்டு மூன்று கை சுண்ணாம்பு அடியுங்கள். முதல் ஒன்றிரண்டு வருடம் உப்புப் பூக்கலாம். அது நல்லதுதான், உப்பு வெளியேறுகிறது என்று பொருள். பிரஷ்ஷால் தட்டினால் போதும்.

ஓதத் தடுப்பே இல்லாத வீட்டில் துளையிட்டு மருந்து செலுத்தும் முறை உண்டு. வெளித்தரைக்கு 15 சென்டிமீட்டர் மேலே, செங்கல்லில் அல்ல, இடுக்குக் கலவை வரிசையில், 12 மில்லிமீட்டர் துளைகள் 10 முதல் 12 சென்டிமீட்டர் இடைவெளியில். ஒன்பது அங்குலச் சுவருக்கு 20 சென்டிமீட்டர் ஆழம். தூசியை ஊதி எடுத்துவிட்டு சிலேன் அல்லது சிலாக்சேன் கிரீமை அடிவரை நிரப்ப வேண்டும். அது துளைகளை அடைப்பதில்லை; தண்ணீர் ஒட்டாதபடி அவற்றின் உட்பரப்பை மாற்றுகிறது. ஒட்டாத துளையில் தண்ணீர் ஏறாது, ஆவி மட்டும் போகும். வரிசையில் ஒரு துளை விட்டுப்போனாலும் அந்த இடத்தில் தண்ணீர் ஏறும். மேலே ஏற்கெனவே இருக்கிற உப்பை மருந்து ஒன்றும் செய்யாது என்பதால் பழைய பூச்சை எடுக்கும் வேலையிலிருந்து தப்ப முடியாது.

இவ்வளவும் செய்துவிட்டு உப்பு போர்த் தண்ணீரில் கலவை போடுகிறவர்களும் உண்டு. கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு உள்ள தண்ணீர் கூடாது என்கிறது இந்தியத் தரக்குறிப்பு 456. பூச்சில் கம்பி இல்லை என்றாலும், வெளியேற்றிய உப்பை மறுபடி உள்ளே ஏற்றுவானேன்? வாயில் வைத்தால் கரிக்கிற தண்ணீர் கலவைக்கும் வேண்டாம், பூச்சை நனைக்கவும் வேண்டாம். நாற்பது சதுர அடிக்கு நாலைந்து குடம் ஆற்றுத் தண்ணீரோ மழைநீரோ போதும்.