காற்றில் கலக்கும் முன் பிடித்துவிடுங்கள்

தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் இருக்கும் ஆயா வீடியோ அழைப்பில் ஒரு தாலாட்டுப் பாடுகிறார். டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் பேத்தி கணினியின் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் போனை வைத்துப் பதிவு செய்கிறாள். கூரைமேல் ஹடீடா பறவை ஒன்று கத்துகிறது. மின்வெட்டு வேறு, பக்கத்து வீட்டு ஜெனரேட்டர் உறுமுகிறது. பிறகு போட்டுக் கேட்டால் பாட்டு பாதி, இரைச்சல் பாதி. 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பலில் டர்பன் வந்து இறங்கிய ஒப்பந்தத் தொழிலாளர்கள் காலம் தொட்டு, வாய்வழியாகவே தாண்டி வந்த பாட்டுகள் நம் வீடுகளில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கின்றன. அவற்றை இப்படிப் பதிவு செய்வது அநியாயம். சுலபமான வழி கணினிக்குள்ளேயே இருக்கிறது.

கணினிக்குள் ஒலி கிடையாது, எண்கள்தான் உண்டு. ஆயாவின் குரல் இணையம் வழியாக வந்து சேர்ந்ததும், வினாடிக்குப் பெரும்பாலும் 48,000 எண்களாக விரிக்கப்படுகிறது. ஒவ்வோர் எண்ணும் அந்தக் கணத்தில் ஒலி அலை எவ்வளவு உயரத்தில் இருந்தது என்பதைச் சொல்கிறது. ஓர் எண்ணுக்கு 16 பிட் (0 அல்லது 1 என்ற இலக்கங்கள்) ஒதுக்கும் பதிவில் அது −32,768 முதல் 32,767 வரை எதுவாகவும் இருக்கலாம். அழைப்பு, உலாவி, அறிவிப்பு மணி என்று எல்லா நிரல்களும் தரும் எண்களை இயங்குதளம் கணத்துக்குக் கணம் கூட்டி ஒரே வரிசையாக்குகிறது. அந்த வரிசைதான் ஒலி அட்டைக்குப் போய், மின்னழுத்தமாகி, ஸ்பீக்கரை அதிரவைத்துக் காற்றில் கலக்கிறது.

ஹடீடா நுழைவது அந்தக் கடைசிக் கட்டத்தில்தான். அதற்கு முன்னால் இருக்கும் எண் வரிசையை அப்படியே நகலெடுத்துவிட்டால் அறையின் சத்தம் எதுவும் ஒட்டாது. இதற்கு லூப்பேக் என்று பெயர். விண்டோஸில் விஸ்டா பதிப்பின் காலத்திலிருந்தே இந்த வசதி உண்டு. ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு நிரலில் ஒலி அமைப்பை வாசபி (WASAPI) என்று மாற்றினால், பதிவுச் சாதனங்களின் பட்டியலில் உங்கள் ஸ்பீக்கரின் பெயர் லூப்பேக் என்ற சொல்லோடு தெரியும். லினக்ஸில் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் மானிட்டர் என்ற பெயரில் ஓர் உள்ளீடு தயாராக இருக்கும். மேக்கில் பிளாக்ஹோல் போன்ற மெய்நிகர் ஒலிச் சாதனத்தை நிறுவிக்கொள்வது வழக்கம்.

சில விஷயங்களில் கவனம் வேண்டும். கூட்டிய பிறகுதான் நகலெடுக்கிறோம் என்பதால், நடுவில் ஒரு மெயில் மணி அடித்தால் அதுவும் பாட்டோடு சேர்ந்துவிடும். சாம்பாரில் கரைந்த புளியைப் போல, பிறகு பிரித்தெடுப்பது பெரும்பாடு. அறிவிப்புகளை முதலிலேயே நிறுத்திவிடுங்கள். விண்டோஸில் இன்னொரு விசித்திரம்: எந்த நிரலும் ஒலி அனுப்பாத நேரத்தில் லூப்பேக்குக்கு எண்களே வராது. சில பதிவு நிரல்கள் அந்த மௌனத்தை விழுங்கிவிடும், பதிவின் நீளம் குறைந்துபோகும்.

உங்கள் சொந்தக் குரல் இதில் வராது. “ஆயா, அடுத்த அடி என்ன?” என்று நீங்கள் கேட்டது வேண்டுமென்றால் மைக்கைத் தனித் தடத்தில் பதிவு செய்ய வேண்டும். அப்போது ஹெட்ஃபோன் போட்டுக்கொள்வது அவசியம்; இல்லாவிட்டால் ஸ்பீக்கர் ஒலி மைக்கிலும் நுழைந்து எதிரொலிக்கும். அதிலும் கம்பி ஹெட்ஃபோனே மேல். புளூடூத் ஹெட்செட்டின் மைக்கைத் திறந்தவுடன் பல கருவிகள் தொலைபேசித் தரத்துக்கு இறங்கிவிடுகின்றன. வினாடிக்கு 16,000 எண்கள், பழைய கருவிகளில் 8,000 மட்டுமே.

ஆயாவின் பக்கத்து இரைச்சலையும், அழைப்பு நிரல் குரலைச் சுருக்கியதால் போன நுணுக்கத்தையும் லூப்பேக் மீட்டுத் தராது. அதனால் ஆயாவை ஜன்னலை மூடச் சொல்லுங்கள், பதிவு செய்வதையும் சொல்லிவிடுங்கள். முதலில் பத்து வினாடி பதிந்து கேளுங்கள். சில கணினிகளில் ஒலியளவைக் குறைத்தால் பதிவும் குறையும்.

சேமிக்கும்போது எம்பி3 வேண்டாம், அது கோப்பைச் சுருக்க ஒலியின் நுணுக்கத்தைக் கழித்துவிடும். 16 பிட் ஸ்டீரியோ வேவ் கோப்பு வினாடிக்கு 1,92,000 பைட், ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 690 மெகாபைட் பிடிக்கும். இடம் போதாதென்றால் ஃபிளாக் வடிவம் இருக்கிறது. கோப்பு சுருங்கும், ஓர் எண்கூடத் தொலையாது.