அலுமினியத்தின் தோலை உரிக்கும் அரைச் சுற்று

எஞ்சின் மூடியில் போல்ட் பிடிக்கும் காது உடைந்துவிட்டது. இரும்புக் கதவை நிமிடங்களில் பற்றவைத்துத் தரும் பட்டறையில் அதை நீட்டினால், “இதெல்லாம் டிக் வெல்டிங்லதான் ஆகும்” என்று திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். அலுமினியம் இரும்பைவிடச் சீக்கிரம் உருகக்கூடியதாயிற்றே, பிறகென்ன சிரமம் என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

சீக்கிரம் உருகுவதுதான் சிரமமே. அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகும். அதன் மேல் எப்போதும் படிந்திருக்கும் அலுமினிய ஆக்சைடு உருக 2072 டிகிரி வேண்டும். இரும்பில் நிலைமை தலைகீழ். இரும்பு 1538 டிகிரியில் உருகுகிறது, அதன் சாதாரண ஆக்சைடான ஃபெரஸ் ஆக்சைடோ அதற்கு முன்பே, ஏறத்தாழ 1377 டிகிரியில் உருகி ஓடிவிடுகிறது. அலுமினியத்தில் உலோகம் உருகிய பிறகும் மேல்தோல் திடமாகவே நிற்கிறது. நீர் நிரம்பிய பை போல, உள்ளே திரவம், வெளியே உறை. அப்படி இரண்டு பைகளை அருகருகே வைத்தால் உள்ளிருக்கும் நீர் கலக்குமா? மேலே சொட்டவிட்ட நிரப்புக் கம்பியின் துளியும் தனியாக உருண்டு நிற்கும். ஒட்டவில்லையே என்று சூட்டைக் கூட்டினால் உறை கிழிந்து, பாகம் மொத்தமாகக் கீழே சரியும். உருகும் முன் இரும்பு போல அலுமினியம் சிவந்து எச்சரிக்கவும் செய்யாது. உடைந்து உள்ளே போகும் ஆக்சைடுத் துணுக்குகள் திரவ அலுமினியத்தைவிட அடர்த்தியானவை. அவை மிதந்து மேலே வராமல் இணைப்புக்குள்ளேயே தங்கி, பிறகு விரிசல் தொடங்கும் இடங்களாகின்றன.

இத்தனையும் செய்கிற அந்தத் தோலின் தடிமன் சில நானோமீட்டர்தான். சுரண்டி எடுத்தாலும் காற்றுப் பட்டவுடன் மறுபடி வளரத் தொடங்கிவிடும். ஆகவே, பற்றவைக்கிற அதே கணத்தில், காற்றே படாத இடத்தில் அதை அகற்றியாக வேண்டும்.

டிக் முறையின் அமைப்பு பலருக்கும் தெரிந்ததுதான். உருகித் தீராத டங்ஸ்டன் முனைக்கும் பாகத்துக்கும் இடையே மின்வில் எரிகிறது. சுற்றிலும் ஆர்கான் வாயு பாய்ந்து காற்றை விலக்குகிறது. மற்றொரு கையால் நிரப்புக் கம்பியைக் கொடுக்கிறோம். 1940களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் நார்த்ராப் விமான நிறுவனத்தில் ரஸ்ஸல் மெரிடித் இதை உருவாக்கியபோது, ஹீலியம் வாயுவில் மக்னீசியத்தைப் பற்றவைப்பதே நோக்கம். ஆனால் ஆர்கான் காற்றைத் தடுக்குமே தவிர, ஏற்கனவே இருக்கிற ஆக்சைடை ஒன்றும் செய்யாது. அதை உரிப்பது மின்னோட்டத்தின் திசை. இந்த நுட்பத்தில் எனக்கு மிகப் பிடித்த பகுதி இதுதான், சற்று விரிவாகவே சொல்கிறேன்.

டங்ஸ்டனை எதிர்மின் (நெகட்டிவ்) முனையாக வைத்தால் எலக்ட்ரான்கள் அதிலிருந்து கிளம்பிப் பாகத்தில் வந்து விழும். வெப்பத்தில் ஏறத்தாழ 70 விழுக்காடு பாகத்துக்குப் போகும். இரும்புக்கு இது அருமையான ஏற்பாடு. அலுமினியத்தில் இப்படிச் செய்தால் தோல் அப்படியே இருக்கும். இப்போது திசையை மாற்றுங்கள். எலக்ட்ரான்கள் அலுமினியத்திலிருந்து கிளம்ப வேண்டும். டங்ஸ்டன் 3422 டிகிரி வரை உருகாமல் தாங்குவதால், வெறும் சூட்டாலேயே எலக்ட்ரான்களை உமிழ முடியும். அலுமினியம் அந்த அளவு சூட்டை எட்டுவதற்குள் ஆவியாகிவிடும். அப்படியென்றால் எலக்ட்ரான்கள் வெளியே வருவது எப்படி?

நாம் எதிரியாக நினைத்த ஆக்சைடுதான் வழிவிடுகிறது. அது மின்சாரத்தைக் கடத்தாத படலம். மின்வில்லிலிருந்து வரும் நேர்மின் ஆர்கான் அயனிகள் அதன் வெளிப்பரப்பில் குவிகின்றன. உட்பக்கம் உலோகம். இரண்டுக்கும் நடுவே 5 வோல்ட் வித்தியாசம் இருப்பதாகவும், படலத்தின் தடிமன் 5 நானோமீட்டர் என்றும் வைத்துக்கொள்வோம். மீட்டருக்கு 100 கோடி வோல்ட் என்ற மின்புலம் அங்கே உண்டாகிறது. அவ்வளவு வலுவான புலம் குளிர்ந்த உலோகத்திலிருந்தும் எலக்ட்ரானைப் பிடுங்கி எடுக்கும். மெல்லிய காப்புப் படலத்தின் மேல் நேர்மின்னேற்றம் சேர்ந்தால் அடியிலிருந்து எலக்ட்ரான்கள் பீறிடும் என்பதை 1936இல் இயற்பியலாளர் லூயி மால்ட்டர் அலுமினிய ஆக்சைடிலேயே கண்டு விவரித்திருந்தார்.

பீறிடும் இடம் நுண்ணிய புள்ளி. மின்னோட்டம் முழுவதும் அப்படிச் சில புள்ளிகளில் குவிவதால், அங்கிருக்கும் ஆக்சைடு நொடியின் சிறு பகுதிக்குள் ஆவியாகிப் பறக்கிறது. அடியில் வெறும் உலோகம் தெரிகிறது. வெறும் உலோகத்தில் படலம் இல்லை, படலம் இல்லாததால் அந்த அபாரமான மின்புலமும் இல்லை. அந்தப் புள்ளி அணைந்து, பக்கத்தில் ஆக்சைடு மிச்சமிருக்கும் இடத்தில் புதிய புள்ளி பற்றிக்கொள்கிறது. அதாவது மின்வில் தானாகவே அழுக்கைத் தேடிப்போகிறது! சுத்தமான இடத்தை விட்டுவிட்டு, சுத்தமில்லாத இடத்தை மட்டும் உரித்துக்கொண்டே விலகிச் செல்கிறது. கூடவே, கனமான ஆர்கான் அயனிகள் பரப்பில் மோதித் துகள்களைச் சிதறடிப்பதும் நடக்கிறது. முடிந்த பற்றின் இருபுறமும் பனி படர்ந்ததுபோல் தெரியும் வெண்பட்டை இந்தப் புள்ளிகள் மேய்ந்துபோன தடம்தான்.

பட்டறையில் தினமும் கண்ணுக்கு முன்னால் நடக்கும் இந்தப் புள்ளிகளின் இயற்பியலுக்கு ஆய்வுப் பணம் இன்னும் தாராளமாக ஒதுக்கப்பட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வெல்டிங் என்றாலே கைத்தொழில் என்று ஒதுக்குகிறவர்கள் அதற்குள் இருக்கும் குவாண்டம் இயற்பியலைப் பார்க்கத் தவறுகிறார்கள்.

அப்படியானால் எப்போதும் பாகத்தையே எதிர்மின் முனையாக வைத்துவிடலாமே? முடியாது. அந்தத் திசையில் வெப்பத்தின் பெரும்பகுதி டங்ஸ்டனுக்குப் போகும். மற்ற திசையில் 1.6 மி.மீ. டங்ஸ்டன் எளிதாகத் தாங்கும் 125 ஆம்பியரை இந்தத் திசையில் தாங்க 6.4 மி.மீ. தடிமன் தேவை. பாகமும் ஆழமாக உருகாது. எனவேதான் மாறுதிசை மின்னோட்டம்: ஓர் அரைச் சுற்று உருக்குகிறது, மறு அரைச் சுற்று உரிக்கிறது. இன்றைய இன்வெர்ட்டர் இயந்திரங்களில் இரண்டின் பங்கையும் நாமே வைக்கலாம். உருக்க 70, உரிக்க 30 என்று தொடங்குவது நல்லது. உருகிய குட்டையின் மேற்பரப்பில் கருந்துணுக்குகள் தெரிந்தால் உரிக்கும் பங்கைச் சற்றுக் கூட்டவும். டங்ஸ்டன் முனை உருண்டையாகிப் பெருத்தால் குறைக்கவும். அதிர்வெண்ணை 100 ஹெர்ட்ஸ் அளவில் வைத்தால் மின்வில் குறுகி, சொன்ன இடத்தில் நிற்கும்.

ஒன்றை மறக்கக் கூடாது. இந்த உரிப்பு நானோமீட்டர் கணக்குக்குத்தான் போதும். அனோடைஸ் செய்த பூச்சு, அதாவது மின்வேதி முறையில் வேண்டுமென்றே தடிமனாக்கிய ஆக்சைடு, மைக்ரோமீட்டர் கணக்கில் இருக்கும், அதை அரைத்துத்தான் எடுக்க வேண்டும். எண்ணெயையும் பெயிண்டையும் மின்வில் கழுவாது, கரியாக்கிக் குட்டைக்குள் கலந்துவிடும். “அலுமினியம் அவர் கைராசிக்குத்தான் ஒட்டும்” என்று சிலரைப் பற்றிச் சொல்வார்கள். அந்தக் கைராசியை அருகில் நின்று கவனியுங்கள், பெரும்பாலும் சுத்தம் செய்வதில் அவர் காட்டும் பொறுமையாகத்தான் இருக்கும்.

இனி பழுதுபார்ப்பு. முதலில் கையில் இருப்பது அலுமினியம்தானா என்று உறுதிசெய்ய வேண்டும். சில எஞ்சின் உறைகள் மக்னீசியக் கலவையில் வார்க்கப்பட்டவை, பார்வைக்கு வேறுபாடு தெரியாது. அதன் அரைத்தூள் எளிதில் தீப்பற்றும். தண்ணீர் ஊற்றினால் தீ இன்னும் மூர்க்கமாகும். மறைவான ஓரத்தில் சுரண்டி ஒரு துளி வினிகர் விட்டால் மக்னீசியம் நுரைக்கும், அலுமினியம் சும்மா இருக்கும். அலுமினியத்திலேயே துத்தநாகம் கலந்த 7075, செம்பு கலந்த 2024 ஆகிய கலவை வகைகளை மின்வில்லால் பற்றவைக்கக் கூடாது. பற்று அழகாக வந்தாலும் ஓரத்தில் விரிசல் விடும்.

விரிசல் கண்ணுக்குத் தெரிவதைவிட நீளமாக இருக்கும். ஊடுருவும் சிவப்புச் சாயத்தைப் பூசி, 10 முதல் 15 நிமிடம் விட்டுத் துடைத்து, விரிசலுக்குள் தங்கிய சாயத்தை வெளியே இழுத்துக் காட்டும் வெள்ளை டெவலப்பரைத் தெளித்தால் உண்மையான முனை எங்கே என்று தெரியும். அந்த முனையில் 3 மி.மீ. துளை போட்டால் வெப்பத்தில் விரிசல் மேலும் ஓடாது. பிறகு விரிசல் நெடுகிலும் 60 முதல் 90 டிகிரி வரை ‘வி’ வடிவப் பள்ளம் எடுக்க வேண்டும். இதற்குக் கார்பைடு பர் என்ற, பல் வைத்த சுழல்வெட்டி நல்லது. சாதாரண அரைக்கும் சக்கரத்தில் அலுமினியம் அப்பிக்கொள்ளும், சக்கரத்தின் பிசினும் மணல்துகளும் பாகத்தில் பதிந்துவிடும்.

சுத்தம் செய்வதில் வரிசை முக்கியம். முதலில் அசிட்டோனால் எண்ணெயை நீக்கி, அதன் பிறகே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். மாற்றிச் செய்தால் பிரஷ் எண்ணெயைக் கீறல்களுக்குள் பூசிவிடும். அந்த பிரஷ் இரும்பைத் தொட்டதாக இருக்கவே கூடாது. குளோரின் கலந்த பிரேக் கிளீனரை இந்த வேலைக்கு அருகிலேயே கொண்டுவராதீர்கள். மின்வில்லின் வெப்பமும் புற ஊதாக் கதிரும் அதன் ஆவியை ஃபாஸ்ஜீன் என்ற கொடிய நச்சு வாயுவாக்கும். பல ஆண்டுகள் எண்ணெயில் ஊறிய வார்ப்பு என்றால், 150 டிகிரி அளவுக்குச் சூடாக்கிக் கசியும் எண்ணெயைத் துடைத்து, மறுபடி சூடாக்கி, கசிவு நிற்கும்வரை செய்ய வேண்டும். அப்போதும் பற்றின் முதல் ஓட்டம் கருப்பாக வரலாம். அதை அரைத்து எடுத்துவிட்டு அடுத்ததைப் போடுங்கள்.

எண்ணெயும் ஈரமும் ஏன் இவ்வளவு கெடுதல்? இரண்டிலும் ஹைட்ரஜன் இருக்கிறது. உருகுநிலையில் 100 கிராம் திரவ அலுமினியம் சுமார் 0.7 கன செ.மீ. ஹைட்ரஜனைக் கரைத்துக்கொள்ளும். அது திடமானதும் 0.04 கன செ.மீ. அளவைக்கூடத் தாங்காது. உறையும் நேரத்தில் மிச்சமெல்லாம் குமிழாகி, வெளியேற வழியின்றி உள்ளேயே சிக்கிக்கொள்கிறது. பற்றை அரைத்துப் பார்த்தால் தெரியும் குண்டூசி முனை அளவுள்ள ஓட்டைகள் இவைதான்.

நிரப்புக் கம்பிக்கு அதே உலோகத்தில் ஒரு கீற்று வெட்டிக்கொள்ளலாமே என்று தோன்றும். மக்னீசியமும் சிலிக்கானும் கலந்த 6061 போன்ற கலவையில் அப்படிச் செய்தால் பற்று உறையும்போதே நடுவில் பிளக்கும். அது 652 டிகிரியில் உறையத் தொடங்கி 582 டிகிரியில்தான் முடிக்கிறது. இடைப்பட்ட கூழ்நிலையில் உலோகம் சுருங்கி இழுக்க, விரியும் இடைவெளியை நிரப்பப் போதுமான திரவம் மிச்சமிருப்பதில்லை. 5 விழுக்காடு சிலிக்கான் கொண்ட 4043 கம்பி அந்தத் திரவத்தைக் கொடுக்கிறது. வார்ப்புகளுக்கும் பெரும்பாலும் இதுவே பொருத்தம். 5 விழுக்காடு மக்னீசியம் உள்ள 5356 கம்பி வலுவானது, ஆனால் 65 டிகிரிக்கு மேல் தொடர்ந்து சூடாகும் இடத்தில் அரிப்பு விரிசலுக்கு ஆளாகும். ஆகவே எஞ்சின் பாகத்துக்கு அது வேண்டாம்.

மின்னோட்டம் ஒரு மி.மீ. தடிமனுக்கு 40 ஆம்பியர் என்று தொடங்கலாம். 3 மி.மீ. என்றால் 120. 2.4 மி.மீ. லாந்தனம் கலந்த டங்ஸ்டன், நிமிடத்துக்கு 8 முதல் 10 லிட்டர் ஆர்கான். கனமான வார்ப்பை 120 டிகிரி வரை முன்சூடாக்குவது நல்லது, ஏனெனில் அலுமினியம் இரும்பைவிடப் பல மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்திக்கொண்டு போய்விடும். மின்வில்லின் நீளம் டங்ஸ்டனின் விட்டத்தைத் தாண்டக் கூடாது. சில நொடிகளில் கண்ணாடிபோல் மினுங்கும் குட்டை உருவாக வேண்டும், கம்பியை அதற்கு முன் நீட்டக் கூடாது. நீண்ட நேரம் காத்திருக்க நேர்ந்தால் ஆம்பியர் போதவில்லை என்று பொருள். மெதுவாகச் சுட்டால் பாகம் முழுவதும் சூடேறி மென்மையாகும். கம்பியின் நுனி எப்போதும் ஆர்கானுக்குள்ளேயே இருக்கட்டும், வெளியே எடுத்தால் சூடான நுனியில் ஆக்சைடு ஏறும். வேலை நகர நகரப் பாகம் சூடாகிக்கொண்டே போகும், கால் பெடலைத் தளர்த்திக்கொண்டே வர வேண்டும். டங்ஸ்டன் குட்டையைத் தொட்டுவிட்டால் அங்கேயே நிறுத்தி, முனையைப் புதிதாகத் தீட்டி, கறுத்த இடத்தைச் சுரண்டிவிட்டுத் தொடருங்கள். முடிக்கும் இடத்தில் பெடலைச் சட்டென்று விட்டால் குட்டை நடுவே குழிந்து நட்சத்திரம்போல் விரிசல் விடும். மின்னோட்டத்தைப் படிப்படியாகக் குறைத்தபடி இன்னும் ஓரிரு துளிகள் கொடுத்துக் குழியை நிரப்ப வேண்டும். பிறகும் 10 நொடிக்கு மேல் டார்ச்சை அசைக்காமல் ஆர்கானைப் பாயவிடவும்.

வலு பற்றியும் சொல்லியாக வேண்டும். வெப்பப் பதப்படுத்தி வலுவேற்றிய 6061-டி6 உலோகத்தின் இழுவலிமை சுமார் 310 மெகாபாஸ்கல். பற்றவைத்த பிறகு வடிவமைப்பில் 165தான் நம்பலாம். வலுவைத் தந்துகொண்டிருந்த மக்னீசியம் சிலிசைடு நுண்படிவுகள், பற்றின் ஓரத்தில் அடித்த சூட்டில் பெருத்துக் கலைந்துவிடுகின்றன. பற்று எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் இது நடக்கும். முழுப் பாகத்தையும் 530 டிகிரியில் சூடாக்கி, நீரில் குளிரவைத்து, மறுபடி 170 டிகிரி அளவில் பல மணி நேரம் வைத்தால் இழந்த வலுவில் பெரும்பகுதி மீளும். பட்டறைகளில் அதற்கு வசதி இருப்பதில்லை. மூடி, தாங்கி, எண்ணெய்த் தொட்டி போன்றவற்றுக்கு இந்த இழப்பு பெரிதல்ல. ஸ்டீயரிங், சஸ்பென்ஷன், சக்கரம் போன்ற உயிர் தாங்கும் பாகங்களை இப்படிப் பற்றவைத்து ஓட்டுவதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன், அவற்றை மாற்றத்தான் வேண்டும்.

பாகத்தைத் தண்ணீரில் முக்காமல், துணி போர்த்தி மெல்ல ஆறவிடுங்கள். ஆறியதும் மறுபடி சாயச் சோதனை. காதில் போல்ட் துளையைப் புதிதாகத் துளைத்து மரை எடுப்பது கடைசி வேலையாக இருக்கட்டும். அதற்கு முன் மூடி பொருந்தும் முகத்தின் மேல் நேர்கோல் வைத்து வளைவைப் பாருங்கள். வெப்பத்தில் அது வளைந்திருந்தால், கேஸ்கெட்டை இறுக்கிச் சமாளிக்க நினைக்காமல், அந்த முகத்தை இயந்திரத்தில் சீவிச் சமப்படுத்திய பிறகே பூட்ட வேண்டும்.