ஈஸ்டுக்கு ஏது மனம்?

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஓர் அறிவியல் உரை. திரையில் கொட்டை எழுத்தில் 'மன அழுத்தத்துக்கு ஆளான ஈஸ்ட்' என்றிருந்தது. ஒற்றைச் செல் உயிர். மூளை இல்லை, நரம்பு இல்லை. மனம் எங்கிருந்து வந்தது? மிளகாய்ச் செடிக்கும் மன அழுத்தம் என்று முன்பே படித்து நொந்தவன் நான்.

இப்படித் தமிழாக்கப்பட்ட ஆங்கிலச் சொல் 'ஸ்ட்ரெஸ்'. அதன் வேர் லத்தீன், இறுக்கிக் கட்டுதல். பழைய பிரெஞ்சில் ஒடுக்கம், ஆங்கிலத்தில் முதலில் இடுக்கண். மனத்தோடு ஒட்டிக்கொண்டது 20ஆம் நூற்றாண்டில்தான்.

'மன'த்தை வெட்டிவிட்டு 'அழுத்தம்' என்று மட்டும் போடலாமே என்றார் பக்கத்தில் இருந்த நண்பர். கூடாது. இரத்த அழுத்தம், காற்றழுத்தம் என்று அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே தலைக்கு மேல் வேலை. மலாயிலும் இயற்பியல் நூல்களில் அழுத்தத்துக்கான 'தெக்கானான்' வேறு, ஸ்ட்ரெஸ்ஸுக்கான 'தெகாசான்' வேறு. ஸ்ட்ரெஸ்ஸுக்கு நம் பொறியியலாரிடம் 'தகைவு' இருக்கிறது. ஆனால் அது ஓரலகுப் பரப்பின் மீதான விசை. இரும்புக் கம்பிக்குப் பொருந்தும், பசித்த உயிருக்குப் பொருந்தாது.

'நெருக்கடி' என்பதே என் கட்சி. நெருக்குதல் என்பதில் அந்தப் பழைய ஒடுக்கமும் இருக்கிறது. அது அரசியலுக்கும் பொருளாதாரத்துக்கும் உரிய சொல்லாயிற்றே என்பார்கள். அதனால்தான் பொருந்துகிறது. குளுக்கோஸ் தீர்ந்தாலும் வெப்பம் ஏறினாலும் எம்எஸ்என்2, எம்எஸ்என்4 என்ற இரண்டு புரதங்கள் ஈஸ்டின் உட்கருவுக்குள் நுழைந்து, நெருக்கடி கால மரபணுக்களை முடுக்கிவிடுகின்றன. புரதம் செய்யும் ரைபோசோம்களின் உற்பத்தி குறைகிறது, டிரெஹலோஸ் சர்க்கரை சேர்கிறது. செலவைச் சுருக்கிக் கையிருப்பைக் காக்கும் நிதியமைச்சர் வேறென்ன செய்கிறார்?

அடுப்படியிலேயே பார்க்கலாம். இனிப்பு பன்னுக்குப் பிசையும் மாவில் சர்க்கரையை அள்ளிக் கொட்டினால் மாவு எழும்பாமல் சோம்பிக் கிடக்கும். சர்க்கரை தண்ணீரை இழுத்துக்கொள்ள, ஈஸ்ட் கிளிசராலைத் தயாரித்து உள்ளே நிறுத்தித் தன் நீரைக் காக்கப் போராடுகிறது. இது ஊடுபரவல் நெருக்கடி. 'ஊடுபரவல் மன அழுத்தம்' என்று வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.

உரையாளரிடம் கேட்டேன். "மக்களுக்குப் புரிய வேண்டுமே, ஐயா" என்றார். அவருடைய அடுத்த படத்தில், நைட்ரஜன் கிடைக்காத ஈஸ்டுக்கு 'ஊட்டச்சத்து மட்டுப்படுத்தல் நிலைமை' என்று போட்டிருந்தது. பட்டினி என்றிருந்தால் என் பாட்டிக்கே புரிந்திருக்கும்.