துக்கம் என்ற ஒரு சொல்லும், அதற்குள் அடைபட்ட மூன்று பொருளும்

உற்றவர்களை இழந்தவர்கள் படிப்பதற்கென்று எழுதப்பட்ட ஒரு சிறு கையேட்டைத் தமிழாக்கும் வேலை என்னிடம் வந்தது. இரண்டாம் பக்கத்தில் ஒரே வரியில் கிரீஃப் (grief), பிரீவ்மென்ட் (bereavement), மோர்னிங் (mourning) என்று மூன்று ஆங்கிலச் சொற்கள். கை தானாகவே மூன்றுக்கும் 'துக்கம்' என்று போட்டது. திரும்பப் படித்தபோது அந்த வரியில் ஒன்றுமே மிஞ்சவில்லை. யாரையோ பறிகொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பவர் கையில் இப்படி ஒரு வரியைக் கொடுக்க மனம் வரவில்லை. அகராதிகளை எடுத்து வைத்துக்கொண்டு முதலிலிருந்து தொடங்கினேன்.

ஆங்கிலச் சொற்களின் வேரைப் பார்த்தாலே பாதி தெளிந்துவிடுகிறது. கிரீஃப் பழைய பிரெஞ்சு வழியாக வந்த சொல். அதன் அடியில் இருப்பது லத்தீனின் 'கிராவிஸ்', அதாவது கனமானது. பிரீவ்மென்ட்டின் வேர் பழைய ஆங்கிலத்தில் பறித்தல், கொள்ளையடித்தல். மோர்னிங் என்பதும் தொடக்கத்தில் உள்ளுக்குள் வருந்துவதைத்தான் குறித்தது. பிற்பாடு உடை, சடங்கு, நாள் கணக்கு என்று வெளியே தெரியும் எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டது. ஆக, பறிபோனது ஒன்று, உள்ளே கனப்பது ஒன்று, வெளியே காட்டுவது ஒன்று.

எல்லா மொழிகளும் இப்படிப் பிரித்து வைத்திருக்கவில்லை. ஜெர்மனில் 'ட்ரவ்வர்' என்ற ஒரே சொல் உள்ளே இருப்பதையும் வெளியே தெரிவதையும் குறிக்கும். உளப்பகுப்பாய்வை நிறுவிய ஃபிராய்ட் 1917இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையில் அந்தச் சொல்லைத்தான் ஆண்டார். ஆங்கிலத்தில் பெயர்த்தவர்கள் மோர்னிங் என்று எழுத, மனத்துக்குள் நடப்பதைப் பற்றிய கட்டுரைக்கு வெளியே நடப்பதன் பெயர் வந்து சேர்ந்தது.

நம்முடைய 'துக்கம்' சமஸ்கிருத துஃக, பாலி துக்க ஆகியவற்றின் வழி வந்தது. அங்கே அது சாவோடு கட்டுண்ட சொல் அல்ல. சுகத்துக்கு எதிர்ச்சொல். பௌத்தம் தன் முதல் உண்மையாக வைத்ததும் இதைத்தான். பிறப்பு, மூப்பு, பிணி, பிடித்ததைப் பிரிவது, பிடிக்காததோடு சேர்வது எல்லாம் அதில் அடக்கம். சக்கரத்தின் அச்சுத் துளை சரியில்லாமல் வண்டி தடதடப்பதிலிருந்து வந்த சொல் என்று ஒரு பழைய விளக்கம் உண்டு. அதை ஏற்காதவர்களும் இருக்கிறார்கள். ஆனால் படமாக எனக்கு அது பிடித்திருக்கிறது.

இவ்வளவு அகலமான சொல் தமிழ்ப் பேச்சில் சுருங்கிப்போனது. 'ஒரு துக்கத்துக்குப் போயிட்டு வந்தேன்' என்றால் என்ன ஆயிற்று என்று நாம் கேட்பதில்லை. யார் என்றுதான் கேட்கிறோம். அதே சமயம் சுருங்கிய இடத்திலேயே மூன்று வேலையும் பார்க்கிறது. 'அவர்கள் வீட்டில் ஒரு துக்கம்' என்றால் நிகழ்ந்தது. 'துக்கம் தொண்டையை அடைக்கிறது' என்றால் உணர்வு. 'துக்கம் அனுசரிக்கிறார்கள்' என்றால் வெளியே செய்வது. பேச்சில் இது தொல்லையே இல்லை, இடம் பார்த்துப் புரிந்துவிடும். எழுத்தில், அதுவும் மனநலம் பற்றிய எழுத்தில், இது பொருளைக் குழப்புகிறது. 'சோகம்' என்று போடலாமே என்றார் நண்பர் ஒருவர். எரிதல் என்ற பொருளுள்ள வேரிலிருந்து வந்த நல்ல சொல்தான். ஆனால் இன்று சினிமாப் பாட்டின் வகைப் பெயராகவும் முகபாவத்தின் பெயராகவும் தேய்ந்துவிட்டது.

சரி, தமிழில் தேடினால்? மூன்றுக்கும் தனித்தனிச் சொல் இருக்கிறது. பழையவை, இன்னும் உயிரோடு இருப்பவை.

முதலாவது இழவு. 'இழ' என்ற வினையிலிருந்து பிறந்த, ஒளிவு மறைவில்லாத பெயர்ச்சொல். தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அழுகைக்கு நான்கு காரணங்கள் சொல்கிறது: 'இளிவே இழவே அசைவே வறுமையென விளிவில் கொள்கை அழுகை நான்கே.' இளிவு, பிறரால் இழிவுபடுத்தப்படுவது. அசைவு, முன்பிருந்த நிலையிலிருந்து தாழ்வது. வறுமை நமக்குத் தெரிந்தது. இழவுக்கு உரைகாரர்கள் தாய் தந்தை முதலான சுற்றத்தை இழப்பதைச் சொல்வதோடு நிற்கவில்லை, இன்பம் தந்தவற்றை இழப்பதையும் சேர்க்கிறார்கள். பிரீவ்மென்ட்டுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது. ஆனால் இன்று 'என்ன எழவு இது' என்று வசையாகிவிட்டது. ஆற்றுப்படுத்தும் பக்கத்தில் அதை அச்சடித்தால் அடி விழுந்ததுபோல் இருக்கும். எனக்கு இதில் உண்மையிலேயே வருத்தம். அதே வேரில் பிறந்த 'இழப்பு' என்பதை எடுத்துக்கொண்டேன், ஆளுக்கு 'இழந்தோர்'.

இரண்டாவது துயர். கிரீஃபுக்கு நான் நிறுத்திக்கொண்ட சொல் இதுதான். திருக்குறளில் 'மாலை உழக்கும் துயர்' என்று வருகிறது. அது காதல் துயர். ஆனாலும் பொழுது சாய்ந்தால் கூடுகிற வலி என்பதை இழந்தவர் எவரும் அறிவார். அந்த 'உழக்கும்' என்ற வினையைக் கவனியுங்கள். உழத்தல் என்றால் வருந்துதல். பாடுபடுதல், முயலுதல் என்றும் பொருள் உண்டு. 'பட்ட பாடு' என்றால் வேதனை, 'பாடுபட்டேன்' என்றால் உழைப்பு, அதுபோல. ஃபிராய்ட் துயரை ஒரு வேலை என்றார். மனம் இறந்தவரோடு கட்டியிருந்த ஒவ்வொரு முடிச்சையும் ஒவ்வொன்றாக எடுத்து அவிழ்க்கிறது, அதனால்தான் அவ்வளவு அசதி என்றார். தமிழில் அந்த வேலை வினைச்சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. வினைக்குத் துயருழத்தல் என்று எழுதலாம். சூது அதிகாரத்தின் கடைசிக் குறளில் இழத்தலும் உழத்தலும் ஒரே மூச்சில் வருகின்றன: 'இழத்தொறூஉம் காதலிக்கும் சூதேபோல் துன்பம் உழத்தொறூஉம் காதற்று உயிர்.' இழப்பு நேர்கிறது, துயரை நாம் உழக்கிறோம். இந்த வேறுபாடு ஒன்றுக்காகவே இந்தச் சொற்களைப் புழக்கத்துக்குக் கொண்டுவரலாம் என்பேன்.

மூன்றாவது இரங்கல். மோர்னிங். பழம்பாடல்களில் முரசு இரங்கும், கடல் இரங்கும். ஒலித்தல் என்பது அதன் பழைய பொருள்களில் ஒன்று. அதாவது அடுத்தவர் காதில் விழும் வருத்தம். இரங்கல் கூட்டம், இரங்கல் செய்தி என்று இன்றும் அது வெளியே நின்றுதான் பேசுகிறது.

இப்படிப் பிரித்து வைத்த பிறகுதான், பண்பாடு, குடும்பம், சொந்த அனுபவம் மூன்றும் எந்த இடத்தில் கை வைக்கின்றன என்று எனக்குப் பிடிபட்டது.

பண்பாடு முதலில் பிடிப்பது இரங்கலை. பிரெஞ்சு சமூகவியலாளர் துர்க்ஹைம் 1912லேயே இதைச் சொன்னார்: இரங்கல் தானாகப் பொங்கும் உணர்வல்ல, கூட்டம் தன் உறுப்பினர்மேல் சுமத்தும் கடமை. ஆனால் அது வெளியிலேயே நிற்பதில்லை. நார்வே மானிடவியலாளர் உன்னி விகான் எகிப்திலும் பாலித் தீவிலும் வாழ்ந்து பார்த்து, 1988இல் இரண்டையும் ஒப்பிட்டு எழுதினார். இரண்டு இடத்திலும் அவர் பார்த்தவர்கள் முஸ்லிம்கள். கெய்ரோவில் பிள்ளையை இழந்த தாய் வாய்விட்டு அழ வேண்டும், அடக்கினால் உடம்புக்குக் கேடு என்று சுற்றியிருப்பவர்களே அழத் தூண்டுகிறார்கள். பாலியில் முகத்தை மலர்ச்சியாக வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். சோர்ந்த மனம் உயிராற்றலைக் குறைக்கும், பக்கத்தில் இருப்பவரையும் தொற்றும் என்பது அங்குள்ள நம்பிக்கை. மதம் ஒன்று, இழப்பு ஒன்று, நடப்பது நேர் எதிர். பாலிப் பெண் நடிக்கிறாள் என்று நினைத்தால் தவறு. சிரிப்பதற்காக அவள் படும் பாடுதான் அவளுடைய துயருழத்தல்.

சொல் இல்லாவிட்டால் என்ன ஆகும்? மானிடவியலாளர் ராபர்ட் லெவி பசிபிக் கடலின் தாஹிட்டித் தீவு மக்களைப் பற்றி 1973இல் எழுதினார். அவர்களிடம் சினத்துக்கு நிறையச் சொற்கள். துயருக்கென்று தனிச் சொல் இல்லை. மனைவியைப் பிரிந்த ஒருவர் உடம்பு கனக்கிறது, அசதியாக இருக்கிறது என்கிறார். அதை நோய் என்றே எடுத்துக்கொள்கிறார். துயர் இருக்கிறது, பெயர்தான் இல்லை. ஆனால் அந்தக் 'கனம்' என்ற சொல் லத்தீன் வேரிலும் இருக்கிறது, 'மனசு கனக்குது' என்று நாமும் சொல்கிறோம். அவ்வளவு தூரம் தள்ளி வாழும் மூன்று கூட்டத்தாருக்கும் உடம்பு ஒரே சேதியைத்தான் சொல்லியிருக்கிறது.

சொந்த அனுபவம் என்ன செய்யும் என்பதற்கு ரெனாட்டோ ரொசால்டோவின் கதையைவிட வலுவானது எனக்குத் தெரியாது. பிலிப்பைன்ஸின் லூசான் தீவில் இலொங்கோட் மக்களிடையே ஆய்வு செய்த மானிடவியலாளர் அவர். உறவினர் இறந்தால் பொங்கும் ஆத்திரமே தங்களைத் தலைவேட்டைக்கு, அதாவது மனிதத் தலையைக் கொய்வதற்கு, துரத்தியது என்று அங்குள்ள முதியவர்கள் அவரிடம் சொன்னார்கள். அதில் என்ன பெரிய விளக்கம் இருக்கிறது என்று நினைத்து, அவர் ஆழமான வேறு காரணம் தேடிக்கொண்டே பல ஆண்டுகளைக் கழித்தார். 1981இல் அதே தீவில் ஆய்வுக்குச் சென்றபோது அவருடைய மனைவி மிஷெல் வழுக்கி விழுந்து இறந்தார். உடலைப் பார்த்த அந்த நேரத்தில் தனக்குள் வந்தது ஆத்திரம் என்று பின்னர் எழுதினார். முதியவர்கள் சொன்னதில் மறைபொருள் எதுவும் இல்லை, சொன்னது சொன்னபடியே உண்மை என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. தமிழில் நாம் துயரோடு அழுகையை மட்டுமே சேர்த்துப் பேசுகிறோம். கோபமும் அதன் உள்ளே இருக்கிறது.

குடும்பத்தைப் பற்றி நூல்களைவிட எங்கள் வீட்டுச் சுவர் எனக்கு அதிகம் சொல்லிக்கொடுத்தது. அப்பா இறந்தபோது அண்ணன் சான்றிதழ், வங்கி, ஓய்வூதியம் என்று ஒரு பிளாஸ்டிக் கோப்பைத் தூக்கிக்கொண்டு அலைந்தான். அக்கா அழுதுகொண்டே இருந்தாள். கடைசி மூன்று வருடம் அவரைக் குளிப்பாட்டி, மருந்து கொடுத்துப் பார்த்துக்கொண்டது நான். எனக்கு முதலில் வந்தது தூக்கம், அப்புறம் தூங்கியதற்கான குற்ற உணர்ச்சி. ஆறேழு மாதம் கழித்து வீட்டுக்கு பெயின்ட் அடித்தோம். படிக்கட்டுக்குக் கீழே சுவிட்ச் பலகையின் மேல் அப்பா பென்சிலால் எழுதியிருந்தார்: 'மோட்டார். 20 நிமிடம் மட்டும்.' 'மட்டும்' என்பதன் கீழே இரண்டு கோடு. பெயின்ட்காரர் உருளையோடு வந்து நின்று என்ன செய்ய என்று கேட்டார். 'அடிச்சிடுங்க, என்னால பார்க்க முடியல' என்றாள் அக்கா. அண்ணன் ஒன்றும் பேசாமல் போய் அந்த இடத்தில் முதுகை வைத்து நின்றுகொண்டான். ஒருவர் மேல் ஒருவருக்குக் கோபம். அவளுக்கு அன்பில்லை என்று அவனுக்கு, இத்தனை நாள் கண்ணீர் விடாதவனுக்கு இப்போது என்ன என்று அவளுக்கு. கையகலச் சுவர் இன்றும் பழைய நிறத்தில் இருக்கிறது. அக்கா வந்தால் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை.

இழப்பு ஒன்று என்று வெளியே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். நாங்கள் மூவரும் இழந்தது ஒரே ஆளை அல்ல. பாரி இறந்தபோதும் அப்படித்தான். அவன் மகளிர் 'அற்றைத் திங்கள் அவ்வெண் ணிலவின்' என்று பாடும்போது தந்தையும் குன்றும் தங்களுடையவையாக இருந்த நிலவையும், இரண்டும் இல்லாத நிலவையும் அருகருகே வைக்கிறார்கள். நண்பர் கபிலரும் ஒரு திங்களைப் பார்க்கிறார், ஆனால் நிலத்தில்: எட்டாம் நாள் பிறைபோல் வளைந்த கரையுள்ள சிறுகுளம், காப்பார் இல்லாமல் உடைகிறது. மகளுக்குத் தந்தையோடு காலமே இரண்டாகிவிட்டது. நண்பருக்கு அவன் பேணிய நாடு கண்முன் சிதைகிறது. இரண்டு பாட்டுக்கும் துறை ஒன்றே, கையறுநிலை: இறந்தவரை எண்ணிச் செயலற்றுப் புலம்புவது.

யாருடைய துயருக்கு இரங்கல் உண்டு என்பதையும் பண்பாடே முடிவு செய்கிறது. கருச்சிதைவு, மணவிலக்கான துணையின் சாவு, வெளியே சொல்ல முடியாத உறவு, வளர்த்த விலங்கு. துயரை ஆராய்ந்த கென்னத் டோக்கா 1989இல் இதற்கு ஒரு பெயர் வைத்தார். 'இரங்கல் மறுக்கப்பட்ட துயர்' என்று தமிழாக்கினேன். மூன்று சொற்களையும் பிரித்து வைத்ததால்தான் அப்படி எழுத முடிந்தது. 'துக்கம் மறுக்கப்பட்ட துக்கம்' என்று எழுதியிருக்க முடியாது.

மருத்துவத்தின் பக்கமும் ஒரு வார்த்தை. நீடித்த துயர்க் கோளாறு இப்போது நோய்ப் பட்டியலில் இருக்கிறது. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடு குறைந்தது 6 மாதம் என்கிறது. அதே ஆண்டு வந்த அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் கையேடு, பெரியவர்களுக்கு 12 மாதம் என்கிறது. கணக்கு வேறு என்றாலும், அவரவர் சமூகமும் பண்பாடும் மதமும் எதிர்பார்க்கும் அளவைத் தெளிவாகத் தாண்டியிருக்க வேண்டும் என்று இரண்டும் நிபந்தனை வைத்திருக்கின்றன. ஒருவரின் துயரை அவருடைய வழக்கம் தெரியாமல் அளக்கக் கூடாது என்று மருத்துவமே எழுதி வைத்திருக்கிறது. இதற்கு மாறாக, 1969இல் உளமருத்துவர் எலிசபெத் கூப்ளர் ராஸ் சொன்ன ஐந்து கட்டங்களை (மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு) எல்லாருக்குமான படிக்கட்டாக இன்னும் பலர் ஒப்பிக்கிறார்கள். அவர் அவற்றை வகுத்தது சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளிடம் பேசி. அவர்களை இழந்து பின்னால் எஞ்சியவர்களிடம் கேட்டு அல்ல.

கையேட்டின் அந்த வரி கடைசியில் இப்படி அமைந்தது: 'இழப்பு எல்லோருக்கும் நேர்வது, துயர் அவரவர்க்குள் நடப்பது, இரங்கல் நாம் பிறரோடு சேர்ந்து செய்வது.' குழந்தைகளுக்கான பக்கத்தில் மட்டும் இந்தச் சொற்கள் மூன்றையும் எடுத்துவிட்டேன். அங்கே 'அம்மா இல்லாததால் வயிற்றுக்குள் கனமாக இருக்கிறதா?' என்று கேட்டு, பக்கத்தில் கொஞ்சம் வெற்றிடம் விட்டிருக்கிறேன், எழுதவோ வரையவோ.