ரோமுஷா என்றால் யார்?

போன வாரம் தங்கை மகள் தன் கட்டுரையைத் திருத்தித் தரச் சொல்லி எடுத்து வந்தாள். ஐந்தாம் படிவம் படிக்கிறாள். மலாயாவில், அதாவது இன்றைய மலேசியத் தீபகற்பத்தில், நடந்த இரண்டாம் உலகப் போரைப் பற்றிய கட்டுரை, நன்றாகவே எழுதியிருந்தாள். நடுவில் ஒரு வரி மட்டும் என்னை உலுக்கிவிட்டது: "சயாம் ரயில் பாதையை ரோமுஷா எனப்படும் ஜப்பானியத் தொழிலாளர்கள் கட்டினார்கள்."

நாங்கள் இருப்பது மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில். சுற்றிலும் ஒரு காலத்தில் பால்மரக் (ரப்பர் மரக்) காடு, இப்போது பெரும்பாலும் செம்பனை. இங்கே பழைய தோட்டக் குடும்பங்களில் விசாரித்தால் சயாமுக்கு, அதாவது இன்றைய தாய்லாந்துக்கு, போய்த் திரும்பாத ஒருவரைப் பற்றிச் சொல்வார்கள். எங்கள் வீட்டில் அவர் பாட்டியின் அண்ணன். அந்த ஒரு வரியில் அவர் ஜப்பானியர் ஆகிவிட்டார்.

பிள்ளையைக் குறை சொல்ல மாட்டேன். சொல் ஜப்பானியச் சொல், அதனால் ஆளும் ஜப்பானியர் என்று நினைத்துக்கொண்டாள். சரி, அந்தச் சொல்லையே பிரித்துப் பார்ப்போம்.

ஜப்பானிய எழுத்தில் அது மூன்று குறிகள். 'ரோ' என்றால் உழைப்பு, பாடு. 'மு' என்றால் பணி, கடமை. 'ஷா' என்றால் ஆள். சேர்த்துப் படித்தால் உழைப்புப் பணி செய்யும் ஆள், அவ்வளவுதான். சொல்லுக்குள் அடி இல்லை, பசி இல்லை, கட்டாயம் என்ற வாடைகூட இல்லை. ஜாவாவிலும் மலாயாவிலும் பர்மாவிலும் ஆட்களைத் திரட்டியபோது ஜப்பானிய இராணுவம் அவர்களுக்கு வைத்த பெயர் இது. ஆனால் இந்தோனேசிய மொழிக்குள் 'ரோமுசா' என்று நுழைந்த பிறகு அங்கே அதற்கு ஒரே பொருள்தான், கட்டாய வேலைக்கு இழுத்துச் செல்லப்பட்டவர். பிறந்த மொழியில் வெறும் தொழிலாளி, வந்து இறங்கிய மண்ணில் கட்டாயத்துக்கு ஆளானவர். பெயர் வைத்தவர்கள் மறைத்ததை, அந்தப் பெயரைச் சுமந்தவர்கள் வெளியே கொண்டுவந்துவிட்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அப்புறம், எதற்காக இத்தனை ஆட்கள்? ஜப்பான் 1937 முதல் சீனாவில் போர் நடத்திக்கொண்டிருந்தது, அதற்கு வேண்டிய எண்ணெயில் பெரும்பகுதி அமெரிக்காவிலிருந்து வந்தது. 1941இல் ஜப்பானியப் படை இந்தோசீனாவின் தெற்குப் பகுதிக்குள் புகுந்ததும் அமெரிக்கா அந்த எண்ணெயை நிறுத்தியது. சீனாவை விட்டு வெளியேறுவதா, எண்ணெய் இருக்கும் இடத்தைப் பிடிப்பதா என்ற நிலையில் ஜப்பான் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தது. எண்ணெய் டச்சுக்காரர்கள் கையில் இருந்த சுமத்ராவிலும் போர்னியோவிலும் இருந்தது. ரப்பரும் வெள்ளீயமும் இங்கே இருந்தன. 1941 டிசம்பர் 8 அன்று கோத்தா பாருவில் இறங்கினார்கள், 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் விழுந்தது. ஓர் அரசன் இன்னொருவன் மண்மேல் படையெடுப்பதற்குத் தொல்காப்பியம் 'மண்ணசை' என்று காரணம் சொல்கிறது. அசை என்று பிரிக்காதீர்கள், 'நசை', ஆசை. பாட்டியின் அண்ணன் வெட்டிய பால்மரமும் அந்த ஆசைக்குள் அடங்கியதுதான்.

பர்மாவைப் பிடித்த பிறகு அங்கிருந்த படைக்குச் சோறும் குண்டும் போய்ச் சேர வேண்டும். சிங்கப்பூரைச் சுற்றி ரங்கூனுக்குப் போகும் கப்பல்களை நேச நாடுகளின் நீர்மூழ்கிகள் மூழ்கடித்தன. அதனால் சயாமின் பான் போங் பக்கத்திலிருந்து பர்மாவின் தன்பியுசயாட் வரை, மலையையும் காட்டையும் குடைந்து 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட முடிவு செய்தார்கள். 1942இன் நடுவில் தொடங்கி, 1943 அக்டோபர் 17 அன்று இரு பக்கத் தண்டவாளங்களையும் இணைத்துவிட்டார்கள். அந்த அவசரத்துக்குத்தான் இத்தனை ஆட்கள்.

தோட்டங்களில் அப்போது நிலைமை மோசம். ரப்பரை வாங்க ஆளில்லை, துரைமார் ஓடிவிட்டார்கள் அல்லது சிறையில் இருந்தார்கள், பெரட்டு, அதாவது காலையில் ஆட்களை எண்ணி வேலைக்கு அனுப்புவது, நின்றுபோனது. பர்மாவிலிருந்து வந்துகொண்டிருந்த அரிசியும் வரவில்லை. மரவள்ளிக்கிழங்கைத் தின்று, கோணிச் சாக்கைக் கட்டிக்கொண்டிருந்த சனத்திடம் நாளுக்கு ஒரு வெள்ளி (டாலர்), மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம் என்று ஆசை காட்டினார்கள். அந்த வெள்ளியும் வாழைமரம் அச்சடித்த ஜப்பான் நோட்டு, கடைசியில் வெறும் காகிதமாகிப் போனது. முதலில் போனவர்கள் திரும்பவில்லை என்று தெரிந்ததும் யாரும் முன்வரவில்லை. அதன் பிறகு தோட்டத்துக்கு இத்தனை தலை என்று கணக்குக் கேட்டார்கள். கங்காணியும் கிராணியும் (தோட்டத்து எழுத்தரும்) பட்டியல் கொடுக்க வேண்டியிருந்தது. இலவசப் படம் என்று கூப்பிட்டு, கொட்டகைக் கதவைச் சாத்தி, உள்ளே இருந்தவர்களை அப்படியே லாரியில் ஏற்றிய கதையைப் பல ஊர்களில் சொல்வார்கள். சரக்குப் பெட்டியில் அடைத்து, நாள் கணக்கில் ரயில் ஓடியது.

மலாயாவிலிருந்து 70,000க்கும் மேற்பட்டவர்கள் போனார்கள், அவர்களில் பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர்கள். 1943 மழைக்காலத்தில் காலரா வந்தது. அதற்கு முன்பே மலேரியா, வயிற்றுக்கடுப்பு, கால் புண் அழுகல், பெரிபெரி. போர்க்கைதிகளாக இருந்த வெள்ளைக்காரச் சிப்பாய்களும் அங்கே செத்தார்கள், 60,000 பேருக்கு மேல் வேலை செய்து 12,000 பேருக்கு மேல் மாண்டார்கள், அந்தத் துயரமும் சின்னது இல்லை. ஆனால் அவர்களோடு மருத்துவர்கள் இருந்தார்கள், அதிகாரிகள் இருந்தார்கள், செத்தவன் பெயரை எழுதி வைக்க ஒரு தோழன் இருந்தான். காஞ்சனபுரியில் இன்றைக்கும் அவர்களுக்கு வரிசையாகக் கல்லறைகள் இருக்கின்றன. ஆசியத் தொழிலாளர்களில் ஏறத்தாழ 90,000 பேர் இறந்தார்கள் என்று பரவலாகச் சொல்கிறார்கள். அவர்களுக்குத் தனித்தனிக் கல்லறை கிடையாது. குழியில் போட்டு மூடினார்கள், அல்லது எரித்தார்கள். பாட்டியின் அண்ணி எந்த நாளில் திதி கொடுப்பது என்று தெரியாமலே கடைசிவரை தை அமாவாசையில் படைத்துவந்தார்.

இப்போது தமிழுக்கு வருவோம். 'தொழிலாளி' என்று எழுதினால் ஜப்பானிய இராணுவம் செய்ததையே நாமும் செய்கிறோம், கட்டாயம் காணாமல் போகிறது. 'கூலி' என்பது தமிழில் முதலில் ஆளைக் குறிக்கவில்லை, சம்பளத்தைக் குறித்தது. கூலி என்று சொன்னால் கூலி கொடுத்தார்கள் என்று ஆகிவிடும். 'கொத்தடிமை' கடனுக்குக் கட்டுண்டவர், இவர்கள் யாரிடமும் கடன் வாங்கவில்லை.

பழந்தமிழில் ஒரு சொல் இருக்கிறது, 'வெட்டி'. சோழர் கல்வெட்டுகளில் சம்பளமில்லாமல் ஊரார் செய்ய வேண்டிய கட்டாய வேலைக்கு வெட்டி என்று பெயர், வடமொழி 'விஷ்டி'யிலிருந்து வந்தது என்பார்கள். நாம் இன்று வெட்டி வேலை, வெட்டிப் பேச்சு என்பதெல்லாம் அதன் எச்சம்தான். பால் வெட்டுகிற வெட்டு வேறு, குழப்பிக்கொள்ளக் கூடாது. 'அமஞ்சி' என்றும் ஒரு சொல் உண்டு, ஆளைப் பிடித்து வாங்கும் கூலியில்லா வேலை. பொருள் மிகவும் பொருந்துகிறது, ஆனால் இன்று சொன்னால் எத்தனை பேருக்குப் புரியும்?

அதனால் எழுத்தில் 'கட்டாய உழைப்பாளி' என்பதே சரி என்பேன். தண்டனைக்கு அஞ்சி, தானாக முன்வராமல் செய்யும் வேலைதான் கட்டாய உழைப்பு என்று 1930இலேயே அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பு ஓர் உடன்படிக்கையில் வரையறுத்தது. ஜப்பான் அதை 1932இல் ஏற்றுக்கொண்ட நாடு. இந்தச் சொல்லைப் போட்டால் அந்த உடன்படிக்கை மீறப்பட்டதும் கூடவே வந்துவிடுகிறது. ரோமுஷா என்ற சொல்லைத் தூக்கி எறிய வேண்டாம், மேற்கோள் குறிக்குள் வைத்து, யார் வைத்த பெயர் என்று சொல்லிவிட்டால் போதும்.

பாட்டி ஒரு நாளும் ரோமுஷா என்று சொன்னதில்லை. "அண்ணனை சயாமுக்குப் புடிச்சிட்டுப் போயிட்டான்" என்றுதான் சொல்வார். கட்டுரையில் அந்த வரியை இப்படி மாற்றினோம்: "ஜப்பானிய இராணுவம் 'ரோமுஷா' என்று பெயர் வைத்துப் பிடித்துச் சென்ற கட்டாய உழைப்பாளர்கள் அந்தப் பாதையைப் போட்டார்கள், மலாயாவிலிருந்து போனவர்களில் பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர்கள்." எழுதி முடித்த பிறகு, "அவர் பேர் என்ன மாமா, அதையும் போடலாமா?" என்று கேட்டாள். சொன்னேன். அடைப்புக்குறிக்குள் எழுதிக்கொண்டாள்.