மெனுவில் 640 கலோரி: அளந்தது யார்?

மெனு அட்டையில் உணவின் பெயர். அதன் பக்கத்தில் பொடி எழுத்தில் ‘640 கலோரி’. பார்த்தால் யாரோ தட்டை எடுத்துப்போய்க் கருவியில் வைத்து அளந்து சொன்னதுபோல இருக்கிறது. உங்கள் முன்னால் வரப்போகும் தட்டை யாரும் அளக்கவில்லை. பல சமயம் அந்த உணவைச் சோதனைக்கூடத்துக்கே அனுப்பியிருக்க மாட்டார்கள். அது ஒரு பெருக்கல் கணக்கின் விடை.

ஒரு கிராம் தண்ணீரின் வெப்பநிலையை ஒரு டிகிரி செல்சியஸ் உயர்த்தத் தேவையான வெப்பம்தான் கலோரி. மெனுவில் வருவது அதைப்போல 1000 மடங்கு, அதாவது கிலோ கலோரி. பேச்சில் ‘கிலோ’ எப்போதோ உதிர்ந்துவிட்டது. ஆய்வுக்கூடத்தில் இதை அளக்க, உணவை உலர்த்தி, ஆக்சிஜன் நிரப்பிய எஃகுக் கலத்தில் அடைத்துக் கொளுத்துவார்கள். கலத்தைச் சுற்றியுள்ள தண்ணீர் எவ்வளவு சூடாகிறது என்று பார்த்தால் போதும். இப்படி எரித்தால் ஒரு கிராம் கொழுப்பு சுமார் 9.4 கிலோ கலோரி தரும், புரதம் 5.65.

ஆனால் வயிறு அடுப்பு இல்லையே. தின்றதில் கொஞ்சம் செரிக்காமலே வெளியேறுகிறது. புரதத்தில் இருக்கும் நைட்ரஜனை உடல் யூரியாவாக மாற்றிச் சிறுநீரில் அனுப்பிவிடுகிறது. அதோடு கொஞ்சம் ஆற்றலும் போய்விடுகிறது. அமெரிக்க வேதியியலாளர் வில்பர் அட்வாட்டர் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்த இழப்பையெல்லாம் பொறுமையாகக் கணக்கெடுத்தார். காற்றுப் புகாத ஒரு சிறிய அறைக்குள் ஆளை நாள்கணக்கில் இருக்கவைத்து, உள்ளே போகும் சாப்பாட்டையும், வெளியே வரும் கழிவையும், உடல் விடும் வெப்பத்தையும் அளந்தார். உள்ளே இருந்தவரின் பொறுமையும் சாதாரணமானதல்ல. எல்லாம் கழித்த பிறகு கிடைத்தவை, இன்றும் உலகம் முழுக்கப் புழங்கும் எண்கள்: ஒரு கிராம் புரதத்துக்கு 4, மாவுச்சத்துக்கு 4, கொழுப்புக்கு 9. மதுவில் உள்ள ஆல்கஹாலுக்கு 7.

உணவகம் செய்வது இதுதான். செய்முறையில் எந்தப் பொருள் எத்தனை கிராம் என்று கணினியில் உள்ளிடுகிறார்கள். ஒவ்வொரு பொருளிலும் புரதம், கொழுப்பு, மாவுச்சத்து எவ்வளவு என்று ஒரு தரவுப் பட்டியல் சொல்கிறது. மென்பொருள் பெருக்கிக் கூட்டி, எத்தனை பேருக்கான அளவோ அதால் வகுக்கிறது. முடிந்தது.

சராசரிகள் என்பதால் இதில் அங்கங்கே ஓட்டை உண்டு. பாதாமை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் செல்சுவருக்குள் மாட்டிக்கொண்ட கொழுப்பில் ஒரு பங்கு செரிக்காமலே போய்விடுகிறது. 2012-இல் அமெரிக்க வேளாண் துறை ஆய்வாளர்கள் மனிதர்களுக்குக் கொடுத்துச் சோதித்தபோது, 28 கிராம் பாதாமிலிருந்து உடலுக்குக் கிடைத்தது சுமார் 129 கிலோ கலோரி. பழைய கணக்குப்படி 170-ஐ ஒட்டி வரவேண்டும்.

இருந்தாலும் பெரிய பிழை அட்வாட்டரின் எண்களில் இல்லை, சமைப்பவரின் கையில் இருக்கிறது என்பேன். ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெய் சுமார் 14 கிராம், ஏறக்குறைய 120 கிலோ கலோரி. கூட்டம் நெரியும் நேரத்தில் யார் ஸ்பூனைத் தேடுவார்கள்? பாட்டிலை அப்படியே சாய்ப்பதுதான் நடக்கும். பொரித்த உணவு இன்னும் வேடிக்கை. கொதிக்கும் எண்ணெயில் கிடக்கும்போது, உள்ளிருந்து பீறிட்டு வரும் நீராவி எண்ணெயை உள்ளே விடுவதில்லை. வெளியே எடுத்து ஆறத் தொடங்கியதும் நீராவி சுருங்குகிறது. அப்போதுதான் மேலே ஒட்டியிருக்கும் எண்ணெயில் பெரும்பகுதி உள்ளே உறிஞ்சப்படுகிறது. ஆகவே எடுத்த கையோடு நன்றாக உதறி வடித்தாரா, அப்படியே தட்டில் கொட்டினாரா என்பதிலேயே கலோரி மாறிவிடும். செய்முறைத் தாளுக்கு இது தெரியாது.

2011-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் 42 உணவகங்களிலிருந்து 269 உணவுகளை வாங்கி எரித்துப் பார்த்தார்கள். மொத்தச் சராசரியில் வித்தியாசம் வெறும் 10 கிலோ கலோரிதான். தனித்தனியாகப் பார்த்தால் 19 சதவீத உணவுகளில் எழுதியிருந்ததைவிட 100 கிலோ கலோரியோ அதற்கு மேலோ கூடுதலாக இருந்தது. எனவே 640-க்கும் 660-க்கும் நடுவே மனதைக் குழப்பிக்கொள்வது வீண். 640-க்கும் 1100-க்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் நம்பலாம்.

சரி, எண்ணைப் பார்த்து ஆட்கள் குறைவாகச் சாப்பிடுகிறார்களா? கொஞ்சம். அமெரிக்காவில் 20 கிளைகளோ அதற்கு மேலோ உள்ள உணவகங்கள் மெனுவில் கலோரியை எழுதுவது 2018-இல் கட்டாயமானது. இங்கிலாந்திலும் இந்தியாவிலும் பெரிய நிறுவனங்களுக்கு 2022-இல் வந்தது. மருத்துவ ஆய்வுகளை அலசி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு பல ஆய்வுகளைத் தொகுத்து 2025-இல் சொன்ன கணக்கில் குறைவு 1.8 சதவீதம். 600 கிலோ கலோரி உள்ள ஒரு வேளைச் சாப்பாட்டில் 11. இரண்டு பாதாம் என்று வையுங்கள். எண் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதும் கொஞ்சம் வேலை செய்கிறது. உணவின் பெயருக்கு இடப்பக்கம் எழுதினால், இடமிருந்து வலமாகப் படிப்பவர்கள் குறைந்த கலோரியைத் தேர்ந்தெடுத்தார்கள். வலமிருந்து இடமாக ஹீப்ரு படிப்பவர்களிடம் அது தலைகீழ். ஆசையை எழுப்பும் பெயருக்கு முன்னாலேயே எண் கண்ணில் பட்டுவிட வேண்டும், அவ்வளவுதான்.

வாடிக்கையாளரைவிட, மெனுவை எழுதுபவரிடம்தான் இந்த எண் கூடுதலாக வேலை செய்திருக்கிறது போலும். அமெரிக்கச் சட்டம் வந்த பிறகு பெரிய சங்கிலி உணவகங்கள் புதிதாக அறிமுகப்படுத்திய உணவுகளில், முன்பு அறிமுகமானவற்றைவிடச் சராசரியாகக் கால்பங்கு கலோரி குறைந்திருந்தது. ஏற்கெனவே மெனுவில் இருந்த உணவுகளில் மட்டும் மாற்றமே தெரியவில்லை.