டிரைவர்: ஓட்டுநர் அல்ல, இயக்கி

"விண்டோஸ் 11-க்கு மாறிய பிறகு விளையாட்டு திணறுகிறதா? உங்கள் வரைகலை ஓட்டுநரைப் புதுப்பியுங்கள்." தமிழில் கணினி பற்றி எழுதுவோரிடம் இந்த வாக்கியம் திரும்பத் திரும்ப வருகிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்ததும் பலர் 11-க்கு மாறினார்கள். கூடவே இந்தப் பிழையும் பரவிவிட்டது. கணினிக்குள் ஓட்டுநர் யாரும் இல்லை. அங்கே இருப்பது இயக்கி.

ஆங்கிலத்தில் 'டிரைவ்' முதலில் ஆடுமாடுகளை முன்னே துரத்திச் செல்வதைக் குறித்தது. பிறகு வண்டிக்கும் எந்திரத்துக்கும் வந்தது, அங்கிருந்து கணினிக்கு. கணினியில் டிரைவர் என்பது ஒரு மென்பொருள். டைரக்ட்எக்ஸ், வல்கன் என்னும் இடைமுக மென்பொருள்கள் வழியாக விளையாட்டு கேட்பதை அந்தந்த வரைகலை அட்டைக்கு (கிராபிக்ஸ் கார்டு) புரியும் கட்டளையாக மாற்றி, அட்டையை வேலை செய்ய வைக்கிறது. தமிழில் இயங்கு தன்வினை, இயக்கு பிறவினை. அதோடு இகர விகுதி சேர்ந்தால் இயக்கி. தேங்காய்த்துருவி, பாக்குவெட்டி, ஒலிபெருக்கி எல்லாம் இதே அச்சு. இயக்கி என்பது பெண் தெய்வத்தின் பெயராயிற்றே என்பார்கள். உண்மைதான், சிலப்பதிகாரத்தில் பூங்கண் இயக்கி வருகிறாள், நெல்லையிலும் குமரியிலும் அவளே இசக்கியம்மன். ஆனால் அவளையும் வரைகலை அட்டையையும் ஒரே வாக்கியத்தில் வைத்து எவரும் குழம்பப்போவதில்லை.

ஓட்டுநர் ஏன் கூடாது? முதல் காரணம் இலக்கணம். 'நர்' உயர்திணை விகுதி. அனுப்புநர், பெறுநர், நடத்துநர், இயக்குநர் என எல்லாரும் மனிதர்கள். ஆகவே 'ஓட்டுநர் செயலிழந்துவிட்டது' என்று எழுதும்போது எழுவாய் உயர்திணையிலும் பயனிலை அஃறிணையிலும் நிற்கின்றன. திணைக்குப் பொருந்த 'செயலிழந்துவிட்டார்' என்று எழுத எவருக்கும் கை வராது. சொல் பொருந்தவில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டாம். சிலர் இதற்காகவே விகுதியை வெட்டி 'ஓட்டி' என்கிறார்கள். திணைச் சிக்கல் தீரும், பொருட்சிக்கல் தீராது. ஓட்டுவதில் எந்தப் பக்கம் போவது என்று தீர்மானிப்பதும் அடங்கும். மாநகரப் பேருந்தின் ஓட்டுநர் வண்டியைத் திருப்புகிறார், நிறுத்துகிறார். வரைகலை இயக்கி எதையும் தீர்மானிப்பதில்லை. தீர்மானிப்பவர் விளையாடுகிறவர், இயக்கி வன்பொருளை இயங்கச் செய்கிறது, அவ்வளவே.

மக்களுக்குத் தெரிந்த சொல் ஓட்டுநர்தானே என்ற வாதமும் உண்டு. மக்களுக்குத் தெரிந்த சொல்தான் அளவுகோல் என்றால் டிரைவர் என்றே எழுதலாம். சென்னை ரிச்சி தெருவில் எந்தக் கடையிலும் "கிராபிக்ஸ் டிரைவர் போட்டாச்சா?" என்றுதான் கேட்பார்கள். ஓட்டுநர் என்று அங்கே சொன்னால் ஆளைத்தான் தேடுவார்கள். தூய தமிழ் வேண்டுவோருக்கு இயக்கி, பேச்சுத் தமிழ் வேண்டுவோருக்கு டிரைவர். இரண்டுக்கும் நடுவில், புரியவும் செய்யாத பொருந்தவும் செய்யாத ஒரு சொல்லுக்கு என்ன தேவை?

ஆனால் இயக்கி என்று எழுதுவோரிடமே இதைவிடப் பெரிய தவறு ஒன்று இருக்கிறது. வட்டு இயக்கி, சி இயக்கி என்று 'டிரைவ்' என்பதற்கும் அதே சொல்லைப் போடுகிறார்கள். விளைவைப் பாருங்கள். இயங்குதளம் மாறியபின் படம் சிதறினாலோ, ஆட்டம் பாதியில் மூடிக்கொண்டாலோ, வன்பொருள்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில் அட்டையின் பெயருக்குப் பதிலாக 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்' என்ற பொதுப்பெயர் நின்றாலோ, பழைய இயக்கியை வேரோடு நீக்கிவிட்டுப் புதிதாக நிறுவுவதுதான் உறுதியான வழி. 'இயக்கியை முழுவதும் அழித்துவிட்டு மீண்டும் நிறுவுக' என்ற அறிவுரையை, வன்வட்டையும் இயக்கி என்றே படித்துப் பழகியவர் எப்படி எடுத்துக்கொள்வார்? சேமித்த கோப்புகள் எல்லாம் போகும். இங்கே சொல் தெளிவு நடைமுறைப் பாதுகாப்பு. வட்டை வட்டு என்றே சொல்லலாம், சி பகுதி என்றால் எவருக்கும் விளங்கும். சிலர் 'இயக்ககம்' என்கிறார்கள். சென்னையில் அந்தச் சொல்லைக் கேட்டால் நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில் உள்ள பள்ளிக் கல்வி இயக்ககம்தான் நினைவுக்கு வரும்.

சரியாக எழுதினால் இப்படி இருக்க வேண்டும்: அட்டைக்கு உரிய இயக்கியை என்விடியா, ஏஎம்டி அல்லது இன்டெல் தளத்திலிருந்து முதலில் பதிவிறக்கி வைத்துக்கொள்க. இணையத்தைத் துண்டிக்க. துண்டிக்காவிட்டால், பழையதை நீக்கிய சில நிமிடங்களிலேயே விண்டோஸ் அப்டேட் தன்னிடமுள்ள பதிப்பைப் போட்டுவிடும். பிறகு அடிப்படை மென்பொருள்கள் மட்டும் இயங்கும் சேஃப் மோடில் நுழைந்து, டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர் என்னும் இலவசக் கருவியால் பழைய வரைகலை இயக்கியை நீக்கி, கணினியை மீண்டும் தொடங்கி, பதிவிறக்கியதை நிறுவுக. முதல் ஆட்டத்தில் கொஞ்சம் திணறல் இருக்கும். புதிய இயக்கிக்கு ஏற்ப விளையாட்டு தன் ஷேடர்களை, அதாவது காட்சியை வரையும் சிறு நிரல்களை, மறுபடி தொகுக்கிறது, அது முடிந்ததும் சீராகும். மடிக்கணினியில் இரண்டு வரைகலைச் சில்லுகள் இருந்தால் இரண்டுக்கும் தனித்தனி இயக்கி வேண்டும். ஒன்றை மட்டும் போட்டுவிட்டு, விளையாட்டு ஏன் ஊர்கிறது என்று தேடுவோர் பலர்.

'புதுப்பி' என்ற சொல்லும் இதே அளவுக்குத் தொல்லை. அப்டேட், அப்கிரேடு, ரீஇன்ஸ்டால் மூன்றுக்கும் அதையே எழுதுகிறார்கள். 'விண்டோஸைப் புதுப்பித்தபின் ஓட்டுநரைப் புதுப்பிக்கவும்' என்றால் என்ன செய்ய வேண்டும்? இயங்குதளம் 10-இலிருந்து 11-க்குப் போவது தரமுயர்த்தல். அதே இயக்கியின் அடுத்த பதிப்பைப் போடுவது இற்றைப்படுத்தல். பழுதானதை நீக்கி அதையே போடுவது மறுநிறுவல். என்விடியாவின் பழைய ஜிடிஎக்ஸ் 900, 1000 வரிசை அட்டை வைத்திருப்பவருக்கு இந்த வேறுபாடு மிக முக்கியம். அந்த அட்டைகளுக்கு இயக்கிப் பதிப்புகளில் 580 கிளையே கடைசி. அதற்கு அடுத்த கிளையைத் தேடி அலைவது வீண். அவருக்கு வேண்டியது 580 கிளையின் மறுநிறுவல்.

மொழிபெயர்ப்பாளர்கள் அகராதியைத் திறக்கும் முன் ஒருமுறையாவது டிவைஸ் மேனேஜரைத் திறந்து பார்க்க வேண்டும். அங்கே 'ரோல் பேக் டிரைவர்' என்ற பொத்தான் இருக்கிறது. அதை 'ஓட்டுநரைப் பின்னோக்கி உருட்டு' என்று எழுதினால் செய்தி சேராது. 'இயக்கியின் முந்தைய பதிப்புக்குத் திரும்பு' என்றால் வேலை நடக்கும். அந்தப் பொத்தான் மங்கிக் கிடந்தால் திரும்புவதற்குப் பழைய பதிப்பு கணினியில் இல்லை என்று பொருள். இயங்குதளத்தையே பழையதற்குத் திருப்புவது வேறு வேலை, வேறு இடம்: அமைப்புகளில் ரெகவரி பக்கம். அதற்கு வழக்கமாக 10 நாள்தான் கெடு. அதற்குள், பழைய விண்டோஸ் இருக்கும் 'விண்டோஸ்.ஓல்டு' கோப்புறையை இடம் அடைக்கிறதென்று அழித்துவிட்டால் அந்த வழியும் இல்லை.